ஆள் காணவில்லை: கம்பம், குமுளிப் பக்கம் முதன்முறையாகக் காவல் நிலையப் படியேறுபவர்களுக்கு

“நாளைக் காலை வரை பாருங்கள், வந்துவிடுவார்.” ஆளைக் காணவில்லை என்று காவல் நிலையம் போகும் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். தமிழ்நாடு, கேரள எல்லையோரத்தில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு: “அது அந்தப் பக்கம், அங்கே போய்க் கொடுங்கள்.” அந்தப் பக்கம் போனால், “ஆள் தமிழ்நாடு, அங்கேயே கொடுங்கள்.” லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதை. எங்கள் குடும்பம் அதை இரண்டு நாளில் ஐந்து முறை ஏறி இறங்கியது.

காணாமல் போனவர் என் சித்தப்பா. அறுபத்து நான்கு வயது, நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்ப ஆரம்பித்திருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை அதிகாலையில் கம்பத்து வீட்டிலிருந்து டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. பதினொன்றாம் நாள் கிடைத்தார். நான்காம் நாளே கிடைத்திருக்க வேண்டியவர். அந்த ஏழு நாள் எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில் போலீசின் பங்கும் உண்டு, எங்கள் பங்கும் உண்டு.

அதற்குப் பிறகு தெருவில் யாருக்காவது இந்த நிலை வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை. உடன் போய் நின்ற அனுபவத்திலும், நின்ற இடங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டதிலும் இருந்து எழுதுகிறேன். தேனி, இடுக்கி எல்லையை வைத்து எழுதினாலும் செங்கோட்டை, வாளையார், களியக்காவிளைக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் மணி நேரம்

இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிலையத்திலேயே யாராவது அப்படிச் சொன்னாலும் அது சட்டம் ஆகிவிடாது. சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒருவர் போன் செய்துகொண்டிருக்கட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் நிலையத்துக்குக் கிளம்பட்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் அன்றைய பொழுது போய்விடும். காணாமல் போனவர் குழந்தை, நினைவு தவறும் முதியவர், மனநிலை சரியில்லாதவர், தற்கொலை பற்றிப் பேசியவர் என்றால் போன் செய்து விசாரிப்பதைக்கூடப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

112க்கு அழைத்துவிடுங்கள். இங்கே ஒரு எல்லைச் சிக்கல் உண்டு. மலையடிவாரத்தில் நம் கைப்பேசி பல நேரம் கேரள டவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அழைப்பும் அந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். அதனால் வாயைத் திறந்ததும் எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த ஊர் என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181, முதியவர் என்றால் 14567 எண்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் தேடிக் கொடுப்பார்கள் என்பதற்காக அல்ல. அழைத்த நேரம் ஒரு பதிவாக நிற்கும் என்பதற்காக.

எந்த நிலையம்?

எல்லைக்காரர்களைச் சுற்றலில் விடும் கேள்வி இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’ என்று பேசிக்கொள்வது இதைத்தான். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. நம்மை அனுப்புவது அல்ல.

சட்டம் இப்படி இருந்தாலும் மேசைக்கு எதிரே நின்று சட்டப்பிரிவு சொல்லி வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நடைமுறையில் பலன் தருவது இது: வீட்டில் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். ஒருவர் வீடு இருக்கும் பகுதியின் நிலையத்தில் முதல் மனுவைக் கொடுக்கட்டும். முகவரி, புகைப்படம், கைப்பேசி விசாரணை எல்லாம் அங்கிருந்துதான் நகரும். மற்றவர் கடைசியாக ஆளைப் பார்த்ததாகச் சொல்லும் இடத்தின் நிலையத்தில், அது கேரளமாக இருந்தாலும், அதே மனுவின் நகலோடு போய் நிற்கட்டும். கேமரா பதிவும் பார்த்த சாட்சியும் அங்கேதான் இருக்கும். ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் அலைந்தால் இரண்டு பக்கமும் ‘அங்கே கொடுத்துவிட்டீர்கள் அல்லவா’ என்று முடித்துவிடுவார்கள்.

போடியிலிருந்து 2023 ஜூனில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு இன்னொரு கதவும் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஆள் ரயில் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ரயில்வே போலீசுக்கும் சொல்ல வேண்டும். அது தனி அமைப்பு. 139 எண்ணில் ரயில் பெயரையும் நேரத்தையும் சொன்னால் வழியில் இருக்கும் நிலையங்களுக்குத் தகவல் போகும்.

மனு

நிலையத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே எழுதிய மனுக்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம் முழுக்க அவர் எவ்வளவு நல்லவர் என்று இருக்கும். சட்டை நிறம் இருக்காது. முடிந்தால் வீட்டிலேயே எழுதி மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மாதிரிக்கு ஒன்று:

“ஐயா, என் சித்தப்பா (பெயர், வயது 64, தந்தை பெயர்) மேற்கண்ட முகவரியில் எங்களுடன் வசிப்பவர். கடந்த வியாழக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு வீட்டைவிட்டுச் சென்றவர் இதுவரை திரும்பவில்லை. கடைசியாக ஜீப் நிற்கும் இடத்துக்கு அருகில் டீக்கடையில் பார்த்ததாகக் கடைக்காரர் சொல்கிறார். சுமார் ஐந்தரை அடி உயரம், மாநிறம், இடது புருவத்தின் மேல் தழும்பு, முன்பல் ஒன்று இல்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை, வெள்ளை வேட்டி, ரப்பர் செருப்பு. தமிழ் பேசுவார், மலையாளம் புரியும். இரண்டு ஆண்டாக நினைவு மறதிக்கு மருந்து சாப்பிடுகிறார். அவருடைய கைப்பேசி எண் இது. காலை 6 மணியிலிருந்து அணைந்திருக்கிறது. வழக்குப் பதிவு செய்து கண்டுபிடித்துத் தருமாறு வேண்டுகிறேன்.”

கடைசி வரியில் ‘வழக்குப் பதிவு செய்து’ என்ற சொற்களை விடாதீர்கள். ‘கண்டுபிடித்துத் தருமாறு’ என்று மட்டும் எழுதினால் அது வேண்டுகோளாக ஒரு கோப்பில் தூங்கும்.

யார் மீதாவது உண்மையான சந்தேகம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். எஸ்டேட்டில் கூலி பாக்கித் தகராறு, கடன் கொடுத்தவன் வீட்டுக்கு வந்து மிரட்டியது, யாரோ தொடர்ந்து போன் செய்தது. இது ஏன் முக்கியம் என்றால், வயது வந்த ஒருவர் தானாகக் கிளம்பிப் போவது குற்றம் இல்லை; காவலர் தயங்குவதும் அந்த இடத்தில்தான். கடத்தல், அடைத்துவைத்தல் என்று குற்றத்தின் சாயல் தகவலில் இருந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று சொன்னது அதுதான். ஆனால் வேகத்துக்காகச் சந்தேகத்தைக் கற்பனை செய்யாதீர்கள். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். அதைவிட, தேடல் தவறான வீட்டு வாசலில் போய் நின்றுவிடும்.

வீட்டில் நடந்த சண்டையை மறைக்கிறவர்கள் பலர். முந்தின இரவு சண்டை நடந்திருந்தால் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனவர் போகும் இடமும் வழிதவறியவர் போகும் இடமும் ஒன்றல்ல.

மனுவோடு இணைக்க வேண்டியவை: சமீபத்திய படம் இரண்டு (கல்யாண வீட்டுப் படம் வேண்டாம், அன்றாடம் இருக்கிற தோற்றத்தில் எடுத்தது), ஆதார் நகல், மருத்துவச் சீட்டு, கைப்பேசி வாங்கிய பெட்டி அல்லது பில். பெட்டியில் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ எண் இருக்கும். சிம்மை மாற்றினாலும் கருவியைத் தேட அது உதவும்.

எண் வாங்காமல் படி இறங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். காவல் துறையில் எண் இல்லாத விஷயம் நடக்காத விஷயம். எண் இருந்தால்தான் சைபர் பிரிவுக்குக் கடிதம் போகும், மற்ற மாவட்டத்துக்குச் செய்தி போகும், மேலதிகாரி கேட்கும்போது யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் மனு கொடுத்ததும் கிடைக்க வேண்டியது சி.எஸ்.ஆர் ரசீது. அது மனுவைப் பெற்றதற்கான அடையாளம், வழக்கு அல்ல. பலர் அதையே எஃப்.ஐ.ஆர் என்று நினைத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறார்கள். நாங்களும் போனோம். எங்களுக்கு ரசீதே மூன்றாம் நாள்தான் கிடைத்தது. வழக்கு ஆறாம் நாள். ‘ஆள் காணவில்லை’ என்ற தலைப்பிலேயே எஃப்.ஐ.ஆர் பதிகிற வழக்கம் இங்கே உண்டு, அதைக் கேளுங்கள். கேரளத்தில் 2011ஆம் ஆண்டுக் கேரளப் போலீஸ் சட்டத்தின் 57ஆம் பிரிவு, காணாமல் போனவரைத் தேடுவதைப் போலீசின் கடமை என்றே சொல்கிறது. அங்கே அந்தப் பிரிவில் வழக்குப் பதிவார்கள். ‘ஐம்பத்தேழில் பதியுங்கள்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். எஃப்.ஐ.ஆரின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். நகல் எடுக்கும் செலவைக்கூடக் கேட்கக் கூடாது.

ஜீப்புக்கு டீசல் அடிக்க, வெளியூர் போக என்று பணம் கேட்கும் பேச்சு வரலாம். என் கருத்து: கொடுக்காதீர்கள். தேடப் போவதற்குக் கைக்காசு கேட்கும் இடத்தில் காசு தீர்ந்த அன்று தேடலும் தீரும்.

ரசீதும் தரவில்லை என்றால் சண்டை வேண்டாம். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்து, தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். கேரளத்தில் ‘துணா’ தளமும் ‘போல் ஆப்’ செயலியும் இருக்கின்றன. இணையத்தில் கொடுத்த தகவலை வழக்காக்க மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அழிந்துபோகிறவை

போலீஸ் நகரும்வரை கை கட்டிக்கொண்டு உட்கார முடியாது. எல்லாவற்றையும் நாமே செய்யவும் முடியாது. எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் பிடிக்க வேண்டும்.

முதலில் அழிவது கேமரா பதிவு. கடைகளில் இருக்கும் பெட்டி நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். சிலவற்றில் ஒரு மாதம் நிற்கும், சிலவற்றில் ஒரு வாரம்கூட நிற்காது. எங்களுக்கு வழக்கு எண் கிடைத்து, காவலர் ஒருவர் டீக்கடைக்கு எதிரே இருந்த கடைக்கு வந்தபோது பதிவு ஐந்து நாள்தான் நிற்கும் என்றார் கடைக்காரர். வந்தது ஆறாம் நாள். அதனால் முதல் நாளே தெருவில் நடந்து கேமராக்களை எண்ணுங்கள். கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டு, அந்த நேரத்துப் பதிவை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்களிடம் தரத் தயங்கினால், அழியாமல் வைத்திருந்தால் போதும், போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளும் என்று சொல்லுங்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் இருக்கும் கேமராக்களை நாம் கேட்டுப் பார்க்க முடியாது. அவற்றின் பதிவைக் கேட்டு எழுதும்படி மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது மனிதர்களின் நினைவு. கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் மலையேறுகின்றன. ஓட்டுநர் அன்றாடம் அதே முகங்களைப் பார்ப்பவர். புதிதாக ஒருவர் ஏறினால் அன்று மாலை வரை நினைவிருக்கும், ஒரு வாரம் கழித்து இருக்காது. மறுநாள் அதிகாலை நான்கரை மணிக்கே படத்தோடு ஜீப் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். ஆட்களைக் கூட்டிப்போகும் கங்காணிகளிடம் அன்றைய பெயர்க் கணக்கு இருக்கும். எஸ்டேட்டில் கேட்பதானால் சூப்பர்வைசரோடு நிறுத்தாமல் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போய்ப் பெண்களிடம் கேளுங்கள். யார் புதிதாக வந்து யார் வீட்டில் சாப்பிட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பஸ் என்றால் பணிமனைக்குப் போய் அந்த நேரத்து வண்டியின் நடத்துநர் யார், அடுத்த பணி எப்போது என்று விசாரியுங்கள். குமுளியில் கேரள அரசு பஸ்ஸுக்குத் தனிப் பணிமனை இருக்கிறது.

பிறகு கைப்பேசி. இதில் வீட்டார் செய்கிற இரண்டு தவறுகள் தேடலையே முடித்துவிடும். ஒன்று, ‘யாராவது தவறாகப் பயன்படுத்துவார்கள்’ என்று சிம்மை முடக்குவது அல்லது அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குவது. செய்யாதீர்கள், அந்தக் கருவி மறுபடி உயிர்பெறும் ஒரு நிமிடம்தான் உங்களுக்குத் துப்பு. இரண்டு, ரீசார்ஜ் தீர்ந்துபோக விடுவது. சேவை நின்றுபோன எண்ணிலிருந்து அவரே கூப்பிட நினைத்தாலும் கூப்பிட முடியாது. நீங்களே ரீசார்ஜ் செய்து வையுங்கள்.

அழைப்பு விவரமும் டவர் இருப்பிடமும் குடும்பத்துக்குத் தர மாட்டார்கள். போலீஸ் எழுதினால்தான் நிறுவனம் தரும். கிடைத்தாலும் எல்லையோரத்தில் அதை அப்படியே நம்ப வேண்டாம். கேரள டவர் காட்டினால் ஆள் கேரளத்தில் இருக்கிறார் என்று பொருளில்லை. மலைக்கு இந்தப் பக்கத்துத் தோப்பிலும் இருக்கலாம். ‘டவர் அங்கே காட்டுகிறது, அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் என்றால் வீட்டில் அவருடைய கூகுள் கணக்கு யாருக்காவது தெரிந்திருந்தால், கருவியின் கடைசி இருப்பிடத்தை அதிலேயே பார்க்கலாம். ஏ.டி.எம் அட்டை எடுத்துப் போயிருந்தால் பாஸ்புக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை பதிந்து பாருங்கள்.

ஒரே சொல், வேறு பொருள்

நாம் பேசும் மலையாளம் சந்தைக்குப் போதும், காவல் நிலையத்துக்குப் போதாது. ஒலி ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து. ‘மொழி எடுக்கணம்’ என்பார்கள்; எந்த மொழி என்று விழிக்காதீர்கள், வாக்குமூலம் என்று பொருள். ‘ஒப்பிடணம்’ என்றால் எதையும் ஒப்பிட வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டும். ‘பராதி’ என்பது புகார். சுவரில் ‘காண்மானில்ல’ என்று இருந்தால் அது காணவில்லை அறிவிப்பு.

நான்காம் நாள் அந்தப் பக்கத்து நிலையம் ஒன்றில் ஒரு காவலர், நல்ல மனிதர், போகும்போது சொன்னார்: “அகதி மந்திரங்களிலும் பாருங்கள்.” அகதி என்றதும் எங்களுக்கு இலங்கைத் தமிழர் முகாம்தான் நினைவுக்கு வந்தது. சித்தப்பாவுக்கும் முகாமுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினோம். மலையாளத்தில் அகதி என்றால் ஆதரவற்றவர். அகதி மந்திரம் என்பது ஆதரவற்றோர் இல்லம். சித்தப்பா இரண்டாம் நாள் இரவே பஸ் நிலையத்தில் படுத்திருந்தபோது ரோந்துப் போலீஸ் பார்த்து, அப்படியொரு இல்லத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஊர் எது என்று கேட்டதற்கு முப்பது ஆண்டுக்கு முன் தான் வேலை பார்த்த எஸ்டேட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறார். எங்கள் மனு அந்த ரோந்துப் போலீசின் காவல் நிலையத்துக்கு வந்துசேரவே இல்லை. வந்திருந்தால் புருவத் தழும்பு ஒன்றே போதும். பதினொன்றாம் நாள் காய்கறி ஏற்றிப்போகும் ஓட்டுநர் ஒருவர் படத்தைப் பார்த்து, “இவரை அந்த இல்லத்து வாசலில் பார்த்தேன்” என்றார்.

ஆகவே உங்கள் பட்டியலில் அகதி மந்திரங்களை முதல் வரியில் வையுங்கள். இடுக்கியில் மட்டும் பார்த்தால் போதாது. கோட்டயம், பத்தனம்திட்டாவரை விசாரியுங்கள். தேவாலயங்கள் நடத்தும் இல்லங்கள் நிறைய. படத்தை அனுப்பிவிட்டுப் பேசுங்கள்; பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘இல்லை’ என்றே வரும், நம்மவர் அங்கே வேறு பெயரில் இருக்கலாம்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. தேவிகுளம், பீர்மேடு பக்கத்து நிலையங்களில் தமிழ் தெரிந்த காவலரும் இருப்பார். இருந்தாலும் ஒரு பக்க மலையாளச் சுருக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தால் அது இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

மருத்துவமனையும் பிணவறையும்

சொல்லக் கடினம், ஆனாலும் செய்ய வேண்டும். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கம்பம், உத்தமபாளையம் அரசு மருத்துவமனைகள், அந்தப் பக்கம் இடுக்கி, கோட்டயம் மருத்துவக் கல்லூரிகள். விபத்துப் பிரிவில் ‘பெயர் தெரியாதவர்’ என்று பதிந்திருப்பவர்களைக் கேளுங்கள். பிணவறைக்குப் பெற்றவரையோ மனைவியையோ அனுப்பாதீர்கள்; உறுதியான மனம் கொண்ட உறவினர் ஒருவர் போகட்டும், தழும்பு விவரம் எழுதிய தாளோடு.

கார்த்திகை, மார்கழியில் என்றால் ஐயப்பன்மார் கூட்டத்தில் கலந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்லுமேடு வழியாகக் காட்டுப்பாதையில் நடப்பவர்களை வனத்துறை பார்க்கும். அங்கேயும் படம் போய்ச் சேர வேண்டும்.

காணாமல் போனது பிள்ளை என்றால்

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மேலே சொன்ன தயக்கம் எதற்கும் இடமில்லை. 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காணாமல் போன குழந்தை ஒவ்வொன்றையும் கடத்தப்பட்டதாகவோ விற்கப்பட்டதாகவோ கருதி எஃப்.ஐ.ஆர் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டது. ‘பதினேழு வயதுப் பெண், யாரோடோ போயிருப்பாள்’ என்று சொல்லி மனுவை வாங்காமல் இருக்க முடியாது. அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே 1098க்கு அழையுங்கள். வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ கையில் இருக்கட்டும்.

நகரவில்லை என்றால்

இரண்டு நாளில் வழக்கு எண் வரவில்லை என்றால் மேலே போகலாம். முதலில் டி.எஸ்.பி: உத்தமபாளையம், போடி, அந்தப் பக்கம் கட்டப்பனை, மூணாறு. பிறகு எஸ்.பி. தேனி எஸ்.பி அலுவலகம் பஸ்ஸில் போய்வரும் தூரம், இடுக்கி எஸ்.பி அலுவலகம் பைனாவில், குமுளியிலிருந்து போய்வர ஒரு நாளை ஒதுக்க வேண்டும். நேரில் போனாலும் போகாவிட்டாலும் மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பிக்கு அனுப்பி அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் மறுத்தால் எஸ்.பிக்கு எழுத்தில் அனுப்புவதும், அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போடுவதும்தான் 173ஆம் பிரிவு காட்டும் வரிசை. முதல் படியின் ரசீது இல்லாமல் இரண்டாம் படியில் கேட்க மாட்டார்கள்.

ஆளை யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள், எங்கே என்றும் தெரியும் என்றால் அது வேறு வழி. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 100ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் தேடுதல் ஆணை தரலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் உண்டு. தேனிக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை, கேரளத்தில் கொச்சி. ஆனால் யாரும் பிடித்துவைக்காமல் வெறுமனே காணாமல் போன வழக்குக்கு அது எல்லா நேரமும் பொருந்திவிடாது. வக்கீல் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100க்கு அழையுங்கள், சட்ட உதவிக் குழுவில் சொல்வார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அந்த உதவி இலவசம்.

ஒரு யோசனை: வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், ஒரே ஆள், வழக்கு எண்ணோடு நிலையத்துக்குப் போய் ‘என்ன ஆயிற்று’ என்று கேளுங்கள். பத்துப் பேராகப் போய்க் கத்தினால் அன்று ஒரு நாள் பேச்சு. தவறாமல் வரும் ஒற்றை ஆளைத்தான் அவர்களால் மறக்க முடியாது.

சுவரொட்டியும் மோசடியும்

சுவரொட்டியையும் வாட்ஸ்அப் செய்தியையும் இரண்டு மொழியில் போடுங்கள். தொடர்பு எண்ணாக வீட்டு எண்ணைப் போடாமல் புதிய சிம் ஒன்று வாங்கிப் போடுங்கள். ஏனென்றால் போட்ட அன்றே அழைப்பு வரும்: ‘உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார், பஸ் காசு ஐயாயிரம் அனுப்புங்கள்.’ எங்களுக்கு நான்கு அழைப்புகள் வந்தன. சுவரொட்டியில் போடாத ஒரு அடையாளத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது விழுந்த பல் எந்தப் பக்கம் என்று. ஒருவரும் சொல்லவில்லை. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.

கிடைத்த பிறகு

ஆள் வந்துவிட்ட மகிழ்ச்சியில் பலர் நிலையத்தை மறந்துவிடுகிறார்கள். நேரில் அழைத்துப் போய் வாக்குமூலம் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். சில நேரம் மாஜிஸ்திரேட் முன்னும் நிறுத்துவார்கள். வயது வந்தவர், ‘நானாகத்தான் போனேன், வீட்டுக்குப் போக விருப்பமில்லை’ என்று அங்கே சொன்னால் போலீஸ் அவரைக் கட்டாயப்படுத்தி உங்களோடு அனுப்பாது, இருக்குமிடத்தையும் சொல்லாது. அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும்.

இரண்டு பக்கமும் மனு கொடுத்திருந்தால் இரண்டு பக்கமும் முடிக்க வேண்டும். நாங்கள் நம் பக்கத்தில் மட்டும் முடித்தோம். இரண்டு மாதம் கழித்து வீட்டுத் திண்ணையில் சித்தப்பா உட்கார்ந்திருக்க, மலையாளத்தில் ஓர் அழைப்பு: உங்கள் பராதியில் மொழி எடுக்கணம், ஒருநாள் வர முடியுமா என்று. இந்த முறை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டே மலையேறினேன்.